ஸ்பானர் எடுக்கும் முன்: அறிகுறியை வைத்து பைக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பைக்கில் கோளாறு என்றதும் கை நேராகப் பாகம் மாற்றத்தான் போகிறது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் புது பேட்டரி, இழுவை இல்லை என்றால் புது பிளக், கிளட்ச் வழுக்கினால் புது பிளேட். கழற்றிப் போட்ட பாகத்தைச் சோதித்துப் பார்த்தால் பல சமயம் அது நன்றாகவே இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. கோளாறு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வண்டியில் இருப்பதே இல்லை. ஓட்டுகிற கையிலும் காலிலும் இருக்கிறது. அதைத் திருத்தாமல் பாகத்தை மாற்றினால் புதுப் பாகமும் அதே வழியில் போகும்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் சோதனை, அப்புறம்தான் வேலை. கொடுத்திருக்கும் அளவுகள் செயின் ஓடும் சாதாரண நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பொருந்துபவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் கையேடு சொல்வதுதான் கணக்கு.

செல்ஃப் அழுத்தினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக்' மட்டும்

முதலில் கில் சுவிட்ச். சிரிக்க வேண்டாம், வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டு அது நகர்ந்துவிடும். அடுத்து நியூட்ரல் விளக்கு எரிகிறதா, சைடு ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் அழுத்தினால் அசைவில்லை, கிளட்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் சுற்றுகிறது என்றால் நியூட்ரல் சுவிட்ச் சந்தேகத்துக்குரியது. இரண்டிலும் அசைவில்லை, ரிலே (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை என்றால் ஃப்யூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஸ்டாண்ட் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள்.

'டிக்' கேட்டு எஞ்சின் சுற்றவில்லை, அல்லது 'டடடட' என்று தொடர்ந்து அடிக்கிறது என்றால் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். சாவியை அணைத்து இரண்டு மணி நேரம் நின்ற பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் நின்ற நிலையில் வரும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே செல்ஃபை அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. 12-லேயே நின்றும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் பேட்டரியின் மேல் பழி இல்லை. ரிலே, தடித்த கேபிள், செல்ஃப் மோட்டார் பிரஷ், இந்த மூன்றில் ஒன்று. இதற்கெல்லாம் முன்னால் டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் பாசிட்டிவைத் திருகும் ஸ்பானர் சேசிஸில் பட்டதும் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

புது பேட்டரி சில வாரங்களில் இறங்கினால் சார்ஜிங்கைப் பாருங்கள். எஞ்சின் 4000 முதல் 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.8 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. 13-ஐத் தொடவில்லை என்றால் ஸ்டேட்டர் (எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டர் இரண்டையும் திட்டுவதற்கு முன் நடுவில் இருக்கும் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். மூன்று வயர் போகும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் தேன் நிறத்தில் பழுத்து, உள்ளே பித்தளை முனை மங்கிக் கறுத்திருக்கும். அந்தத் தளர்ந்த முனையே கோளாறு. கறுத்த துண்டை வெட்டிவிட்டுப் புது முனை போட்டால் வேலை முடிந்தது. கனெக்டர் சுத்தமாக இருந்தால், அதைப் பிரித்தபடியே ஸ்டேட்டர் பக்கத்து மூன்று வயர்களுக்கு இடையே ஜோடி ஜோடியாக ஓம் அளவெடுங்கள். மூன்று அளவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எந்த வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் ஸ்டேட்டர் சுருள் எரிந்துவிட்டது.

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை

பெட்ரோல், பொறி, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால்தான் எஞ்சின் பற்றும். சோதிப்பதும் இதே வரிசையில்.

எஃப்ஐ வண்டியில் (கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ளது) சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் இரண்டு மூன்று விநாடி 'உம்' என்று பம்பு ஓடும். அது கேட்கவில்லை என்றால் பம்பின் ஃப்யூஸ், ரிலே. கார்பரேட்டர் வண்டியில் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். வரவே இல்லை என்றால் பெட்ரோல் டேப், ஃபில்டர், ஃப்ளோட் ஊசி. வந்து, பாட்டிலின் அடியில் தனியாக உருளும் குமிழ்கள் தெரிந்தால் அது தண்ணீர். டேங்கையே வடிக்க வேண்டும்.

பொறிக்கு, பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்துச் செல்ஃபை அழுத்துங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாக 'சட் சட்' என்று அடித்தால் சரி. மஞ்சளாக இழுத்தால் பலமில்லை. பொறியே இல்லை என்றால் வேறு பிளக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் காயிலுக்குப் போக வேண்டும்.

கழற்றிய பிளக்கை உடனே துடைத்துவிடாதீர்கள். முனை வெளிர் பழுப்பு என்றால் எல்லாம் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது. வெள்ளையாக வெந்து கொப்புளம் போல் இருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு மிஞ்சுகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் 'ஃப்ளட்' ஆகிவிட்டது, அதாவது பெட்ரோல் மிஞ்சிவிட்டது: சோக்கை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். இந்த நேரத்தில் மேலும் மேலும் சோக் போடுவதுதான் காலைத் தேய்க்கும் தவறு.

பிளக் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். மாட்டும்போது ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். நடுவில் சிக்கினால் மரை மாறி ஏறுகிறது, திரும்ப எடுங்கள். விரல் இறுக்கத்துக்குப் பிறகு, வாஷர் உள்ள புது பிளக்குக்கு அரைச் சுற்று. பழையதையே மாட்டினால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஹெட் அலுமினியம். அதன் மரை போனால் ஒரு பிளக்கின் விலையோடு முடியாது.

கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது, ஆறியதும் கிளம்புகிறது

இதைப் பிடிக்க நின்ற அதே நிமிடம் வேண்டும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று வராமல் டேங்க் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துளையை ஊதித் திறந்தால் போதும்.

மூடியைத் திறந்தும் கிளம்பவில்லை என்றால் சூட்டோடு பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் இருக்கிறது என்றால் இக்னிஷன் காயிலோ பிக்கப் காயிலோ சூட்டில் உள்ளே அறுந்து, ஆறியதும் ஒட்டுகிறது. பொறியும் பெட்ரோலும் இருந்தும் சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்தைப் பாருங்கள். 'டிக் டிக்' என்று டேப்பெட் சத்தம் வந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத டேப்பெட்டுக்கு. இடைவெளி கூடினால் இரைச்சல்தான். இடைவெளி இல்லாமல் போனால், சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும். அளவெடுப்பது ஆறிய எஞ்சினில், பிஸ்டன் அழுத்தும் வீச்சின் உச்சியில் இருக்கும்போது மட்டும்.

இழுவை இல்லை, எஞ்சின் 'கட கட' என்கிறது

ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். சத்தம் நின்று வண்டி இழுத்தால் கோளாறு வண்டியில் இல்லை. மேட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு போவது மைலேஜுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் குறைந்த ஆர்பிஎம்மில் கனத்த சுமை ஏற்றினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். அந்த அடி பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராட் பேரிங்குக்கும் போகிறது. ஆக்சிலேட்டரைக் கூட்டியும் ஆர்பிஎம் ஏறாத இடம்தான் கியர் இறக்க வேண்டிய இடம்.

கியர் குறைத்தும் மந்தம் என்றால் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதே பல மந்தங்களுக்குக் காரணம். அடுத்தது ஏர் ஃபில்டர்.

ஐட்லிங் மட்டும் நிற்கவில்லை, மேலே நன்றாக ஓடுகிறது என்றால் கார்பரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைப்பு. கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து ஊதுங்கள். காற்று ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக அடிவரை திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஐட்லிங் தானாக ஏறி இறங்கினால் எஞ்சினையும் கார்பரேட்டரையும் சேர்க்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கலாம். அங்கே தண்ணீரைத் தெளித்ததும் எஞ்சினின் ஓட்டம் மாறினால் அந்த இடத்தில்தான் காற்று இழுக்கிறது.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்கல். உறுதி செய்ய, காலிச் சாலையில் டாப் கியரில் நடுத்தர வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுவதும் திறங்கள். எஞ்சின் சத்தம் முதலில் எகிறி, வேகம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தால் வழுக்குகிறது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் தேய்ந்து வரும் தாவலையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: அது 'கடக்' என்று உதைக்கும், இது உதைக்காமல் நழுவும்.

எஞ்சினைப் பிரிக்கும் முன் மூன்று விஷயம். ஒன்று, கேபிள். லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தும் அந்தத் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாத கேபிள், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கிளட்சைப் பாதி பிடித்தே வைத்திருக்கிறது. இரண்டு, ஆயில். கியர் வண்டியின் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் மூழ்கி ஓடுவது. டப்பாவில் ஜாசோ (JASO, ஆயில் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஜாசோ எம்பி ஆயிலிலும் பல கார் ஆயில்களிலும் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு; காருக்கு அது வரம், இந்த பிளேட்டுக்கு வழுக்குப் பாறை. ஆயில் மாற்றிய பிறகு தொடங்கிய வழுக்கல் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். மூன்று, உங்கள் இடது கை. ஓடும்போது இரண்டு விரல் லீவரின் மேலேயே கிடக்கிறதா? விரலின் எடை மட்டுமே தளர்வைத் தின்றுவிடும். சிக்னலில் கியரில் போட்டுக் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு மேட்டில் வண்டியை நிறுத்துவதும் இதே ரகம். அங்கே பின் பிரேக்கை மிதித்து நியூட்ரலில் நில்லுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் வழுக்கினால்தான் பிளேட். புது பிளேட்டைச் சுத்தமான எஞ்சின் ஆயிலில் ஊறவைத்த பிறகே அடுக்க வேண்டும். உலர்ந்தபடி போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்துவிடுங்கள், சுருங்கிய ஸ்பிரிங் புது பிளேட்டையும் வழுக்கவிடும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இதன் எதிர்ப்பக்கம்: கிளட்சை முழுதாகப் பிடித்தும் வண்டி முன்னால் ஊர்கிறது, நின்றபின் நியூட்ரல் விழவில்லை. தளர்வு மிஞ்சிவிட்டது, அல்லது ஆயில் பழசு. கியர் இறக்கும்போது பின் சக்கரம் துள்ளினால் அது கிளட்ச் கோளாறே அல்ல. வேகம் குறையும் முன் கியரை இறக்கிக் கிளட்சைப் பட்டென்று விடுகிறீர்கள். கிளட்ச் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கி ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு விட்டால் துள்ளல் போய்விடும்.

செயின் சத்தம், ஆக்சிலேட்டர் விட்டுப் பிடித்தால் உதை

கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளுங்கள். 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சஸ்பென்ஷன் அதிகம் ஆடும் வண்டிகளுக்கு இன்னும் கூடுதல். ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சக்கரத்தைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி அளங்கள். ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 15 என்றால் செயின் சீராகத் தேயவில்லை. அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. செட்டாக மாற்றத்தான் வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

தளர்வை எடுக்கும்போது இறுக்கமாக வைப்பதுதான் சுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆள் உட்கார்ந்து பின் சக்கரம் மேலே ஏறும்போது செயின் இன்னும் இறுகும். அப்போது தளர்வு இல்லையென்றால் இழுப்பு முழுவதும் முன் ஸ்ப்ராக்கெட் பேரிங்கில் விழும். லேசாகத் தொங்குவது, விறைப்பாக நிற்பதைவிட மேல். இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்று என்று ஒரே அளவு திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுதாக நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்சில் நடு வரை இரு பக்கமும் டேப்பால் அளந்துவிடுங்கள். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு தளர்வை மறுபடி பாருங்கள்; இறுக்கும்போது அது மாறும்.

ஓடி வந்த சூட்டோடு, கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் ஆயில் விடுங்கள். சுழலும்போது அது தானே வெளியே பரவும். லிங்குகளுக்கு இடையே ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும், பெட்ரோலும் கம்பிப் பிரஷும் ரப்பரைத் தின்னும். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுத் துணியால் துடைத்தால் துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும். கிளிப் வைத்த லிங்க் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

பிரேக்

லீவர் பஞ்சு போல் அமுங்குகிறதா, கல்லாக நின்றும் வண்டி நிற்கவில்லையா? இரண்டும் வேறு வேறு. பஞ்சாக இருந்தால் குழாயில் காற்று. நீண்ட இறக்கத்தில் மட்டும் பஞ்சாகி, ஆறியதும் சரியானால் பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கிறது. புதிய டாட் 4 (DOT 4, பிரேக் ஆயிலின் தர வகை) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியதும் அந்த வரம்பு 155 வரை இறங்கும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கோன், அதை இவற்றோடு கலக்கக் கூடாது. லீவர் கல்லாக இருந்து பிடிப்பு இல்லை என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது பேட் மினுமினுத்துக் கெட்டியாகிவிட்டது.

காற்று எடுப்பது இப்படி:

1. டேங்கை ஈரத் துணியால் மூடுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.
2. காலிப்பரில் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளில் ரிங் ஸ்பானர், அதன் மேல் தெளிவான டியூப். டியூபின் மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.
3. லீவரை நாலைந்து முறை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். லீவர் ஹேண்டிலைத் தொடும். நிப்பிளை மூடிய பிறகே லீவரை விடுங்கள், இல்லாவிட்டால் காற்றை நீங்களே திரும்ப இழுப்பீர்கள்.
4. மேல் டப்பாவில் ஆயில் தீரவிடாமல் ஊற்றிக்கொண்டே, குமிழி நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலுக்குள் துடித்தால் டிஸ்க் கோணல், 0.3 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் மாற்ற வேண்டும். தேய்மான வரம்பு டிஸ்கிலேயே பொறித்திருக்கும்.

பின் பிரேக் சூடாகிறது, ஷூ சீக்கிரம் தீர்கிறது என்றால் பின்னால் வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பிரேக் விளக்கு எரிந்துகொண்டே வருகிறதா? எரிந்தால் உங்கள் பாதம் பெடலில் குந்தியிருக்கிறது. பாதத்தின் முன்பகுதியை ஃபுட் ரெஸ்ட்டில் வையுங்கள், பெடலுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். முன் பிரேக் தொட்டாலே சக்கரம் சறுக்குகிறது என்பவர்கள், முதலில் லேசாக அழுத்தி, முன் போர்க் அமுங்கி எடை முன்னால் வந்த பிறகு இறுக்கிப் பழகுங்கள். எடை வராத டயருக்குப் பிடிப்பு ஏது?

ஹேண்டில் ஆடுகிறது

டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கள், பல ஆட்டங்கள் அங்கேயே முடியும். முடியவில்லை என்றால் முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று பள்ளத்தில் விழுவது போல் நின்றால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, இறுக்கினாலும் பயனில்லை, மாற்ற வேண்டும். போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'கடக்' என்றால் வெறும் தளர்வு. அதை மிஞ்சி இறுக்கினால் மெதுவாகப் போகும்போது வண்டி குடித்தவன் போல் அலையும். அடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டி வீல் பேரிங்கையும், ஸ்போக்கை ஸ்பானரால் தட்டிச் சத்தத்தையும் பாருங்கள். மற்றவை 'டிங்' என்னும்போது ஒன்று 'டொக்' என்றால் அது தளர்ந்தது.

ஓடும்போதே ஆட்டம் தொடங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன் பிரேக்கைத் தொடாதீர்கள். முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள்.

சைலென்சர் புகை

குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளை, வெறும் நீராவி. சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்பதே விடை. இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து மறைந்தால் வால்வு சீல். ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க வந்தால் பிஸ்டன் ரிங். ஆயிலை மேல் கோட்டுக்கு மேல் ஊற்றி வைத்தாலும் நீலம் வரும். அதனால் சிலிண்டரைப் பிரிக்கும் முன் ஆயில் அளவைக் கையேடு சொல்லும் முறையில், வண்டியை நேராக நிறுத்தி, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.